வண்டியின் உயரம்

“வழி காட்டுற பெட்டிக்கு வண்டியோட உயரம் எதுக்குங்க? நாம என்ன ஒட்டகமா வாங்கியிருக்கோம்?”

“பாலத்துல மேக்கூரை இடிச்சா உங்கப்பனா வந்து எடுப்பாரு? ஏறி அளந்து சொல்லு!”

படுக்கையும் அடுப்பும் வைத்த வேனை வாங்கி ஊர்சுற்றக் கிளம்பிய கோமதிநாயகமும் மனைவி செண்பகமும்தான். ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்ட மகளின் ஊரைத் தொடாமல், ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து போவது அவர் திட்டம்.

செண்பகம் ஏணியில் ஏறி, “பன்னெண்டடி” என்றாள். எதிர்வீட்டு மாடியிலிருந்து நான் பார்த்தேன், டேப் பத்தடியைத் தாண்டவில்லை. எனக்கெதற்கு வம்பு?

பாலத்தில் இந்த வண்டி நுழையாது என்று பெட்டி அவர்களை மகளின் ஊர் வழியாக, அதுவும் அவள் தெரு வழியாகவே திருப்பிவிட்டது.

இங்கே அவர்கள் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்தாயிற்று. வேன் மகள் வாசலில் நிற்கிறதாம். “பாலத்த ஒசத்திக் கட்டட்டும், மறுநாளே கெளம்பிடுறேன்” என்கிறாராம்.