சத்தம் வராத கேமரா

இறந்துபோன மகள் பெனிட்டா அந்த வீடியோ கேமராவுக்குள் மட்டும்தான் மிச்சமிருந்தாள். கல்லூரிக்குக் கிளம்புகிறவள் வாசலில் திரும்பி ஏதோ சொல்கிறாள். சத்தம்தான் வரவில்லை. கம்ப்யூட்டரில் இணைத்து, கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்தால் வரும் என்றிருந்தார் கடைக்காரர்.

“என்னங்க சொல்றா அவ? நீங்கதானே படம் பிடிச்சீங்க?” எஸ்தர் மறுபடியும் கேட்டாள்.

“ஞாபகமில்ல. இப்பக் கேட்டுரலாம்” என்று வயரைச் செருகினார் ஞானசிகாமணி.

முடியும்வரை மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்றது திரை. பச்சைக் கோடு பாதிவரை வந்திருந்தபோது வாசலில் மணி அடித்தது. கேஸ் சிலிண்டர். எழுந்து போனவரின் கை, எந்த அறையை விட்டு வெளியேறினாலும் செய்வதுபோல, சுவரிலிருந்த சுவிட்சுகளை வரிசையாக அணைத்தது.

விசிறி ஓய்ந்தது. திரை இருண்டது. எஸ்தர் பாய்ந்துவந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டாள். விசிறி சுற்றியது. கம்ப்யூட்டரும் வந்தது. கேமரா வரவில்லை. அதன் பொத்தானை அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

அவர் கை சுவிட்சை விட்டு நகரவில்லை. வாசலில் திரும்பிய மகள் சொன்னது இப்போது அவருக்கு நன்றாகக் கேட்டது.

“எல்லா சுவிட்சையும் ஆஃப் பண்ணிட்டேன்ப்பா. போதுமா?”