பூமாலை ப்ரோ

பூமாலை இன்னும் வரவில்லையே என்று அவர்கள் இரண்டாம் தடவை சொன்னபோது, பூமாலை பக்கத்து மேசையில் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

உளுந்தூர்பேட்டை பைபாஸ் ஓட்டல். மத்தியான நேரம், லாரிக்காரர்கள் கூட்டம். ஜீவாவும் இளவரசனும் சென்னையிலிருந்து திருச்சிக்குப் பைக்கில் போகிறவர்கள். வழியில் இறங்கி ஆளைப் பார்த்துவிட்டுத்தான் போவோம் என்று வாட்ஸப் குரூப்பில் அடம்பிடித்து வந்திருந்தார்கள். கறுப்பு பனியன், நெஞ்சில் மண்டையோடு. இருவருக்கும் கண் வாசலில். தாடி வைத்த எவன் நுழைந்தாலும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள்.

'பஸ்ல வந்துக்கினு இருக்கேன்' என்று அந்த மேசையிலிருந்தே அவள் அனுப்பியிருந்தாள்.

பேரில் பொய் இல்லை. பாட்டன் பேரைப் பேரப்பிள்ளைக்கு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பிறந்தது பெண் என்பதற்காக அப்பா அதை மாற்றவில்லை. வாட்ஸப் படத்தில் அவர்கள் வீட்டு எருமையின் கொம்பு. ஹெவி மெட்டல் பாட்டு கேட்கிறவர்கள் குரூப்பில் சேர்ந்த முதல் நாளே ஏதோ ஒரு குழுவின் டிரம்மரை அவள் கிழித்துத் தொங்கவிட்டாள். எல்லோரும் 'ப்ரோ' என்றார்கள். அவள் திருத்தவில்லை. அவ்வளவுதான்.

கள்ளக்குறிச்சியில் ஜெராக்ஸ் கடை வேலை. வீட்டில் முதல் பட்டம் அவளுடையது. அந்தப் பட்டத்துக்கு ஊரில் கிடைத்த மரியாதை, கல்யாணப் பேச்சு. காதில் ஒயரை மாட்டினால் பேய் கத்துகிறது என்பாள் அம்மா. அந்தப் பாட்டைப் பற்றி வாய்விட்டுப் பேச அந்த ஊரில் ஒரு ஜீவன் கிடையாது. இன்றைக்கு இரண்டு பேர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து 'நான்தான் பூமாலை' என்று சொல்ல வேண்டும். அதற்காகத்தான் வீட்டில் கோச்சிங் கிளாஸ் என்று புளுகிவிட்டுப் பஸ் ஏறினாள்.

சொல்லியிருப்பாள். அதற்குள் அவர்கள் போன வாரத்து விருது விழாவை எடுத்துவிட்டார்கள்.

வெளிநாட்டு மேடை. குரூப்பே கூடி யூடியூபில் பார்த்தது. முதலில் வந்த குழுவிடம் வேகம் இருந்தது, பாட்டு இல்லை. அடுத்த குழு மேடையெல்லாம் நெருப்பு கக்கியது, கிட்டார்தான் பழைய சோறாகக் கிடந்தது. கடைசியாக வந்த கிழட்டுப் பாடகன் தொண்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

எல்லாம் அவள் எழுதியது. அந்தத் தொண்டை வரியைச் சொல்லிவிட்டு இளவரசன் மேசையைத் தட்டிச் சிரித்தான்.

அந்த வரிதான் அவளை ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தது. விழாவை மறுபடி போட்டுக் கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. நேரில் சொல்லித் திருத்திவிடலாம் என்று வைத்திருந்தாள்.

அவளை அறியாமல் வாய் திறந்துகொண்டது.

"அந்தப் பெரியவரு நல்லாத்தாங்க பாடுனாரு. மத்தவங்கல்லாம் முன்னாடியே பதிஞ்ச கொரல ஓடவுட்டு வாயசைச்சாங்க. அவரு ஒருத்தருதான் நெசமா பாடிக்கினு இருந்தாரு. அதான் ஒடஞ்சிச்சு."

இருவரும் திரும்பினார்கள். கூடவே இரண்டு லாரிக்காரர்களும்.

இளவரசன் மரியாதையாகத்தான் சிரித்தான். இதையெல்லாம் பூமாலை என்று ஒருத்தர் அலசிக் காயப்போட்டுவிட்டார், அவர் காதுக்குத் தப்பாது அக்கா என்றான். பிறகு அவள் எழுதியதையே அவளுக்கு எடுத்து, புரியாத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி விளக்கினான். அவளுக்குக் காது சுட்டது. பரோட்டாவை அவன் மூஞ்சியில் எறியாதது அவள் படித்த படிப்பின் புண்ணியம்.

ஜீவா போனை எடுத்து அந்த இடத்தைப் போட்டுக் காதோடு வைத்துக்கொண்டான். மறுபடி போட்டான். ஓட்டல் சத்தத்துக்கு நடுவே அவன் கண்ணை மூடிக் கேட்பதை அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரு பாட்டை அவள் கண் முன்னால் இன்னொருவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

அக்கா சொல்வது சரிதான் என்றான் ஜீவா. இந்த அக்காவையும் குரூப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்றான்.

இப்போது சொல்லிவிடலாம். அவள் எழுந்தேவிட்டாள்.

"பூமாலை வுடமாட்டாருடா," என்றான் இளவரசன். "நைனார்பாளையத்துலேந்து சுபஸ்ரீன்னு ஒரு பொண்ணு வந்து கேட்டுச்சே, ஞாபகமில்ல? பொண்ணுங்க வந்தா குரூப்பே கெட்டுடும்னு தொரத்துனது அவருதான?"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

நைனார்பாளையம் பக்கத்து ஊர். கள்ளக்குறிச்சியில் பூமாலை என்பது யார் என்று சுபஸ்ரீ ஒரே நாளில் விசாரித்துவிடுவாள் என்ற பயம் அன்றைக்கு. ஒரே பஸ்ஸில் போய் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கலாம் என்பது பிறகுதான் தோன்றியது. தோன்றியும் போகவில்லை.

கேட்டுப் பார்ப்பதில் என்ன என்று ஜீவா போனில் தட்டினான். அவள் கைப்பைக்குள் போன் அதிர்ந்தது. கைகழுவும் இடத்துக்குப் போனாள்.

'ப்ரோ, இங்க ஒரு அக்கா இருக்காங்க. நம்மள மாதிரியே கேக்கறாங்க. சேத்துக்கலாமா?'

'சேத்துக்குங்க' என்று அடித்தாள். சேர்த்துக்கொள்வதென்றால் அடுத்து நம்பர் கேட்பான். நம்பரைச் சொன்னால் பூமாலை யாரென்று தெரியும். சுபஸ்ரீயைத் துரத்தியது யாரென்றும் தெரியும்.

அழித்தாள். 'வேணாம்' என்று அனுப்பினாள்.

திரும்பி வந்தபோது ஜீவா முகம் கொடுக்க முடியாமல் தண்ணீர் டம்ளரை நகர்த்திக்கொண்டிருந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா, அவரு ஒத்துக்கல," என்றான். "நேர்ல பழகுனா நல்ல மனுசனாத்தான் இருப்பாரு."