கைப்பிடிக் கம்பி

செஞ்சிக் கடைவீதி மாடிவீட்டின் இரும்புப்படி உச்சிவெயிலில் கொதிக்கிறது. கப்பல் ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோன இளவரசனின் மனைவி ஜெயசுதா, கம்பெனி ஆள் நீட்டிய காகிதத்தை வாசலில் நின்றே படிக்கிறாள். 'கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கியது அவரது கவனக்குறைவு.' கையெழுத்துக்காக அவன் பேனாவைத் திறந்து வைத்திருக்கிறான். அவள் காகிதத்திலிருந்து நிமிர்கிறாள். "லீவுல வந்தாக்கூட இந்தப் படியில கப்பல்ல மாதிரிதான் எறங்குவாரு. படியப் பாத்துத் திரும்பி நின்னு, ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சிகினு. தெருவே சிரிக்கும். அவரா கைய வுட்டாரு? புடிச்ச கம்பியே பேந்துகினு வந்துருக்கும். அத எழுதுய்யா." காகிதம் அவன் மார்பில் பட்டு விழுகிறது. பொறுக்கிக்கொண்டு இறங்குகிறான், ஒரு கையில் ஃபைல், மறுகையில் போன். செருப்புக்கடியில் படி அதிர்கிறது. "கம்பியப் புடிச்சி எறங்கு," மேலிருந்து அவள் சொல்கிறாள். "வுழுந்தா உம்மேலதான் தப்புன்னு எழுதுவானுங்க."