உதறிய கை

கதிரேசன் வீட்டிலிருந்தே கட்டட வரைபடம் போடுபவன். ஹெட்செட்டைக் கண்களில் மாட்டிக்கொண்டால் அறை முழுக்கத் திரைகள் மிதக்கும். விரலசைத்தே அவற்றை நகர்த்துவான். அன்று வாடிக்கையாளருக்கு ஒரு வீட்டின் மாடிப்படியை விளக்கிக்கொண்டிருந்தபோது, ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி வேணி ஓடிவந்து அவன் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

"இங்க வாங்களேன், சீக்கிரம்!"

அவள் முகத்தைத் திரை மறைத்திருந்தது. கை இழுபட்டதில் வரைபடம் கலைந்து போனது.

"மீட்டிங்ல இருக்கேன், தெரியல?" என்று கையை உதறினான்.

வேலை முடிந்து ஹெட்செட்டைக் கழற்றியபோது அவள் சோபாவில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கூப்பிட்ட?"

"உள்ள அசைஞ்சுதுங்க. முதல் தடவையா."

அவன் மண்டியிட்டு அவள் வயிற்றில் கை வைத்தான். வெகுநேரம் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் வேலைக்கு நடுவே எழுந்து வந்து கை வைத்துப் பார்த்தான்.

மூன்று வாரம் கழித்து ஒரு மத்தியானம், அவன் உள்ளங்கைக்கு அடியில் குழந்தை உதைத்தது. கண்கள் நிறைய, வேணியை நிமிர்ந்து பார்த்தான்.

அவள் கொட்டாவி விட்டபடி, "ஆமா, இந்நேரத்துக்கு உதைக்கும்" என்றாள்.