மூன்றாவது பட்டன்

கையை நீட்டினாள்.

ஏழு நோட்டுகள் திறந்தன.

பெரிய டாக்டர் அந்தக் கையை வாங்கிக்கொண்டார். மூட்டுவாத நோய் என்றால் அந்த மருத்துவக் கல்லூரியில் அவர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. முதல் பேச்சும் அவருடையதே. நடுவில் யாராவது பேசினால் அவருக்குப் பிடிக்காது.

விரல்கள் புறங்கையோடு சேரும் இடத்தைக் குறுக்காகப் பிடித்து அழுத்தினார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். போன மாதம் ஊர் டாக்டர் இதே இடத்தை அழுத்தியபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இப்போது வலிக்கவில்லை.

இன்னும் அழுத்தவில்லையோ என்று பார்த்தாள். அழுத்தி முடித்திருந்தார்.

பின்னால் நின்ற மாணவர் ஒருவர், என்ன கைப்பக்குவம் என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார்.

வலி இல்லை என்றார் பெரிய டாக்டர். ஏழு பேனாக்களும் எழுதின.

நோயாளி சொல்வதை அங்கே யாரும் எழுதுவதில்லை. அதைப் பெரிய டாக்டர் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அது உண்மையாகும்.

ரத்தப் பரிசோதனை அதுவுமில்லாமல் இதுவுமில்லாமல் வந்திருந்தது. மிச்சம் ஒரே கேள்விதான். காலையில் எழுந்ததும் விரல் மடங்க எவ்வளவு நேரமாகிறது?

கேட்டுவிட்டு, ஏன் கேட்டேன் என்று மாணவர்களுக்குப் பத்து நிமிடம் விளக்கினார். அரை மணிக்குள் என்றால் தேய்மானம், தைலம் போதும். ஒரு மணியைத் தாண்டினால் உடம்பே தன் மூட்டைத் தின்கிறது. இன்றைக்கே மருந்து தொடங்காவிட்டால் விரல் கோணிவிடும். கோணியது நிமிராது.

நோயாளிகள் இந்த இடத்தில் மறைப்பார்கள் என்றும் சொல்லிவைத்தார். மூட்டு பொய் சொல்லாது, மூட்டுக்குச் சொந்தக்காரர் சொல்வார்.

ஏழு பேரும் சிரித்தார்கள். வருடா வருடம் சிரிக்கிற இடம்.

அஞ்சு நிமிசம் என்றாள் அவள்.

நாலே முக்காலுக்கு எழுகிறாள். அடுப்பின் குமிழைத் திருக ஆறு மணி ஆகிறது.

பனியன் கம்பெனியில் பதினாலு வருடமாக அதே மெஷின். தைலச் சீட்டோடு போனால் நாளைக்கும் அதில் உட்காரலாம். மற்ற சீட்டோடு போனவர்களை நூல் பிசிறு வெட்டும் மேஜைக்கு மாற்றுவார்கள். அந்த மேஜையிலிருந்து மெஷினுக்குத் திரும்பியவர் இதுவரை யாரும் இல்லை.

பெரிய டாக்டர் தண்ணீர் கேட்டார். ஒருவர் பாட்டிலின் மூடியைத் திருகிக் கொடுத்தார். பேனாவின் மூடியைக் கழற்ற ஒருவர் இருந்தார். கதவின் கைப்பிடிக்கு ஒருவர்.

பெரிய மனுஷர்கள் எதையும் திறக்க மாட்டார்கள் போல.

எக்ஸ்ரேயில் என்ன தெரிகிறது, போய்ப் பாருங்கள் என்றார். ஏழு பேரும் சுவரிலிருந்த வெளிச்சப் பெட்டியின் பக்கம் திரும்பினார்கள்.

அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

சர்ர்க்.

சின்னச் சத்தம். யாரும் திரும்பவில்லை. தெரிந்த சத்தமாக இருக்கிறதே என்று அவள்தான் நிமிர்ந்தாள்.

அவள் ரவிக்கையிலும் அந்தச் சத்தம் உண்டு. ஆடி மாதத்திலிருந்து ஊக்கு மாட்ட வரவில்லை. உள்ளே வெல்க்ரோ பட்டை வைத்துத் தைத்துவிட்டு, மேலே ஊக்கைப் பேருக்கு விட்டிருந்தாள்.

கோட்டில் பட்டன் போடாமல் வரும் மாணவரை அவர் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார் என்று வரிசையில் பேசிக்கொண்டார்கள். அவருடைய கோட்டில் கழுத்திலிருந்து கீழே வரை போட்டிருந்தது. ஐந்து பட்டன்.

ஒன்றுகூடக் காஜாத் துளைக்குள் நுழையவில்லை.

காஜாவை மூடித் தைத்து, அதன்மேல் பட்டனை வைத்துத் தைத்திருந்தது. உள்ளே அதே வெல்க்ரோ பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் சூப்பர்வைசருக்கே தெரியாது. மூன்றாவது பட்டன் மட்டும் ஒருமுறை அறுந்திருக்கிறது. நூல் வேறு வெள்ளை.

நல்ல கைவேலை. யார் தைத்தது? எத்தனை நாளாக இந்த ஏற்பாடு? குளிரில் இன்னும் அதிகமாகுமா, இல்லை எல்லா நாளும் ஒரே மாதிரியா?

வலியை மறந்து பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு எத்தனை நேரமாகுதுங்க சார்?"

மெதுவாகத்தான் கேட்டாள்.

அவர் அவளுடைய கண் போன இடத்தைப் பார்த்தார். குனிந்து மூன்றாவது பட்டனைப் பார்த்தார். பிறகு மடியில் கிடந்த தன் கையை, யாரோ அங்கே வைத்துவிட்டுப் போனது போலப் பார்த்தார்.

எக்ஸ்ரே பக்கம் யாரோ எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"ஒன்றேகால் மணி நேரம்."

மெல்லச் சொல்லத்தான் நினைத்தார். ஆனால் அவரிடம் இருந்தது வகுப்பெடுக்கும் குரல் ஒன்றுதான். அறை முழுக்கக் கேட்டது.

ஷெரின் என்ற மாணவி சட்டென்று திரும்பினாள். நோயாளித் தாள் அவளிடம்தான் இருந்தது. அதில் காலை விறைப்புக்கான கட்டம் இன்னும் காலி. அஞ்சு நிமிசத்தைப் பெரிய டாக்டர் திருப்பிச் சொல்லியிருக்கவில்லை.

இப்போது சொல்லிவிட்டார். அழகான கையெழுத்தில் எழுதினாள். எழுதியதை வழக்கப்படி உரக்க வாசித்தாள்.

"காலை விறைப்பு, ஒன்றேகால் மணி நேரம். சரிங்களா?"

மறுக்க, கையை நீட்டியவளுக்கு நேரம் இருந்தது. மெஷின் கண்ணுக்குள் ஒருமுறை ஓடி நின்றது.

மறுக்க அவருக்கும் நேரம் இருந்தது.

இரண்டு தலைகள் சரியென்று ஆடின.