இரண்டடி தள்ளி

சர்வேயரம்மா அளவு நாடாவைச் சுருட்டினார். வேலியில்லாத அந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவே காலையிலிருந்து மூன்று முறை அளந்தாயிற்று.

“எத்தனை தடவை அளந்தாலும் எல்லை இதேதான் சார்.”

“இல்லீங்க மேடம், தப்பா இருக்கு. கல்லை ரெண்டடி தள்ளி நடணும்,” என்றார் வீட்டுக்காரர்.

சர்வேயரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “பக்கத்து வீட்டம்மா தனியா இருக்காங்க, கேக்க நாதியில்லைன்னு அவங்க இடத்தை அமுக்கப் பாக்குறீங்களா? உங்களை மாதிரி ஆளுங்களைப் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சு.”

“அந்தப் பக்கம் இல்லீங்க. என் பக்கமா தள்ளி நடணும்.”

“அப்ப உங்க இடம்தானே சார் குறையும்?”

“குறையட்டும். வீட்டை விக்கப் போறேன். வாங்குறவர் எல்லையை ஒட்டிக் கழிவுநீர்த் தொட்டி தோண்டப் போறாராம்.” அவர் குரல் தாழ்ந்தது. “அந்தம்மா போன வருஷம் அவங்க நாயை இங்கதான் புதைச்சாங்க. அவங்க இடம்னு நெனச்சுட்டாங்க. அழுதுட்டு நின்னவங்ககிட்ட இது என் இடம்னு எப்படிச் சொல்றது?”

சர்வேயரம்மா காலடி மண்ணைப் பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“கல்லை நகர்த்த எனக்கு அதிகாரம் இல்லை சார். நீங்க அவங்க பேருக்கு எழுதிக் கொடுத்தா, தனியாப் பிரிச்சு அளந்து தரலாம்.”

“எழுதித் தரேன்.”

சர்வேயரம்மா நாடாவை மறுபடியும் பிரித்தார்.

“நாய் எவ்வளவு பெரிசு?”