கண்ணாடிப் பெட்டிக்குள் பால்

“பாலை வைக்காதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான், அம்மா?”

பால் குடித்த பாம்பு சோர்ந்து கிடக்கிறது என்று தாய் போனில் சொன்னதும் ஓடிவந்த சயூரன், சப்பாத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து கண்ணாடிப் பெட்டியின் முன் குனிந்தான். அவனுடைய செம்மஞ்சள் பாம்பு அறுந்த கயிறு போல நீண்டு கிடந்தது. மூலையில் பால் திரைந்த கிண்ணம்.

தர்மினிக்குப் பாம்பென்றால் பயம். அவளைக் கலியாணம் முடித்து நகரின் மறுகோடியிலுள்ள பியோர்ண்டாலுக்குக் குடிபோனபோது, அதை இந்த அம்மருட் தொடர்மாடி வீட்டில் தாயிடம் விட்டுச் சென்றிருந்தான்.

“பங்குனித் திங்களெல்லே தம்பி. நாகதம்பிரானுக்கு எண்டு வைச்சனான்,” என்றாள் மங்களேஸ்வரி.

“இது கடையிலை வாங்கின பாம்பம்மா! பால் இதுக்குச் செமிக்காது. வயித்தாலை போய்ச் செத்திடும். தைப்பொங்கலுக்கும் இதே கூத்துத்தான்.”

“அண்டைக்கும் நீதானே வந்து டொக்டரிட்டைக் கொண்டுபோனனீ.”

“தண்ணியில்லாமல் தவிச்சாத்தான் பாம்பு பாலைத் தொடுமாம். தண்ணி வைக்கேல்லையோ?”

“மறந்துபோனன் போல. வயசு போகுது.”

அவன் பாம்பை இரு கைகளாலும் ஏந்தித் துணிப்பைக்குள் இறக்கினான். என்ன பதமாகத் தூக்குகிறான்! அந்தக் கை தன் தோளில் கடைசியாக எப்போது பட்டது என்று அவள் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

“புட்டும் இறால் குழம்பும் கிடக்கு. ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போவன்.”

“விரத நாளிலை இறாலோ?”

“உனக்கெண்டு வைச்சது.”

“நேரமில்லையம்மா, மிருக டொக்டர் கிளினிக்கைப் பூட்டப்போறா. சுகம் வந்தோடனை இதை என்ரை கூட்டாளி கிளின்ரனிட்டைக் குடுத்திடுறன். அவன் பாம்பு வளர்க்கிறவன். இனி உங்களுக்குக் கரைச்சல் இல்லை.”

“எனக்கென்ன கரைச்சல்?” அவள் துணிப்பையை எட்டிப் பிடித்தாள். “இனிச் சத்தியமாப் பால் வைக்கமாட்டன். இஞ்சையே இருக்கட்டும் அப்பன்.”

“உங்களிலை பிழையில்லை. உங்களுக்கு விளங்காது எண்டு தெரிஞ்சும் விட்டிட்டுப் போனது என்ரை பிழை.”

லிஃப்ட் கீழே இறங்கும் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தாள். அழுக்கேறிய பனிக் குவியல்களுக்கு நடுவே அவன் கார் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

பால் அந்தப் பாம்பை என்ன செய்யும் என்பது மங்களேஸ்வரிக்கு முதல்முறையே நன்றாக விளங்கியிருந்தது. அது சுகமாக இருந்த மாதங்களில் அவன் ஒருதடவைகூட இந்த வீட்டுக்கு வந்ததில்லை.